கறுப்பு முதுகா, கண்ணாடி முதுகா

கறுப்பா கண்ணாடியா என்று கிளாடிஸ் கேட்டது சாதாரணக் கேள்விதான், கேட்டவுடன் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் பிரம்மநாயகம் மேசைமேல் விரித்துக் கிடந்த இரண்டு ஆல்பங்களையும் ஐந்து நிமிஷமாக மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி, ஸ்டாம்பு சேகரிக்கிற கிறுக்கு உள்ளவர்களைத் தவிர வேறு யாரும் ஏறி வராத படிக்கட்டு. இரண்டுமே ஹிஞ்ச் இல்லாத ஆல்பம். ஹிஞ்ச் என்பது ஸ்டாம்பின் முதுகில் ஒரு நுனியும் ஆல்பத்தின் தாளில் மறு நுனியுமாக மடித்து ஒட்டுகிற பசைத்தாள் துண்டு. அவர் ஐம்பது வருஷமாக அப்படித்தான் ஒட்டிவைத்திருக்கிறார். இந்தப் புது ஆல்பத்தில் ஒட்டுகிற வேலையே கிடையாது. தாள் முழுக்க வரிசை வரிசையாக மெல்லிய பட்டை, அதற்குள் செருகிவிட்டால் போதும், ஸ்டாம்பு நிம்மதியாக நிற்கும். ஒன்றில் பட்டைக்கு முதுகு கறுப்பு. இன்னொன்றில் முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி, தாளைத் திருப்பினால் ஸ்டாம்பின் பின்பக்கமும் தெரியும். "இப்ப எல்லாரும் கண்ணாடிதான் சார் கேக்குறாங்க," என்றாள் கிளாடிஸ். அப்பா வைத்திருந்த கடையை எடுத்து நடத்துகிறவள், நாற்பது நாற்பத்தைந்து வயது, கையில் எந்நேரமும் ஸ்டாம்பு எடுக்கிற ஒரு ட்வீசர். "பின்னாடி கம் இருக்கா, கறை இருக்கா, வெளிய எடுக்காமலே பாத்துக்கலாம். மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன சார் இருக்கு?" விற்பனைக்காகச் சொன்ன வார்த்தை. நூறு பேரிடம் சொல்லியிருப்பாள். அவர் மட்டும் எதற்காக அந்த வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

கறுப்பு என்று சொல்லிவிட வேண்டியதுதான். கறுப்புக்கு ஒரு காரணமும் தயாராக இருக்கிறது: ஸ்டாம்பின் ஓரத்துப் பல் வரிசை கறுப்பில்தான் எடுப்பாகத் தெரியும். யாரும் மறுக்க மாட்டார்கள். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் காரணம் எழுதியே காலம் தள்ளிய மனுஷனுக்கு ஒரு ஆல்பத்துக்குக் காரணம் கிடைக்காதா. ஆனால் காரணம் தயாராக இருப்பதே அவரைக் கூசவைத்தது, ஏனென்றால் பன்னிரண்டு வயதிலும் அவருக்கு இப்படித்தான் காரணம் முன்னாலேயே வந்து நின்றது. துணிப்பைக்குள் இருந்த பழைய ஆல்பத்தை அவர் முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அதில் அறுபத்தொன்றாம் பக்கம். அந்தப் பக்கத்தை ஸ்டாம்பு சேகரிப்போர் சங்கத்தில் யாருக்கும் காட்டியதில்லை, மனைவிக்குக் காட்டியதில்லை, தானே பார்க்கிறபோதும் ஐம்பத்தொன்பதிலிருந்து அறுபத்திரண்டுக்குப் போய்விடுகிற ஒரு விரல் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலுமாக முப்பத்தேழு பாய்மரக் கப்பல்கள். நீல நிறம், குவைத். முப்பத்தேழும் ஒரே கப்பல்தான், ஒரே அச்சு. ஒரே ஸ்டாம்பை முப்பத்தேழு வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? முதல் கப்பலுக்காவது ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். எழுபத்தெட்டாம் வருஷம், கோவில்பட்டி, ஏழாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது தபால்காரர் அவர் கையில்தான் கொடுத்தார். அக்கா சண்முகவடிவு அந்த நேரத்தில் தையல் வகுப்பில் இருப்பாள். கல்யாணமாகி நாலாவது மாதம் அத்தான் ஆவுடையப்பன் குவைத்துக்குப் போய்விட்டார், அக்கா பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அது அத்தானின் இரண்டாவது கடிதம். முதலாவது அப்பா பேருக்குக் கவரில் வந்தது, அதன் ஸ்டாம்பைத் தண்ணீர் டவராவில் போட்டு உரித்து எடுத்தாயிற்று. இது அப்படியில்லை. மடித்து ஒட்டுகிற ஏர் லெட்டர், ஸ்டாம்பு ஒட்டப்படவில்லை, தாளோடு தாளாக அச்சடித்திருந்தது. அது தெரியாமல் பன்னிரண்டு வயதுப் பையன் மூலையை எச்சில் தொட்டு நனைத்துப் பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை. வராது என்று ஆன பிறகு அது இன்னும் அதிகமாக வேண்டும்போல் இருந்தது. அப்பா சவரம் செய்து வைத்திருந்த பாதி பிளேடால் மூன்று பக்கமும் கிழித்து, கணக்கு நோட்டின்மேல் விரித்து, ஸ்கேல் வைத்து, நேராக, மிக நேராக வெட்டினான். கை நடுங்கவில்லை. அந்த நேர்த்தியைப் பிற்பாடு மின்வாரியத்தில் வரைபடம் போடும்போதெல்லாம் மெச்சுவார்கள். வெட்டிய துண்டைத் திருப்பியபோதுதான் முதுகில் எழுத்து இருப்பது தெரிந்தது. கடிதத்துக்கு உள்பக்கம் அதுதான் இடது மேல் மூலை, யார் எழுதினாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். அத்தானுடைய சின்னச் சின்ன எழுத்தில் 'என் முந்திரிக்கொத்துக்கு' என்று இருந்தது.

காது சுட்டது அவனுக்கு. அந்தச் சூடு இப்போதும், அறுபது வயது முடிந்த இந்தக் காதிலும், அந்த இரண்டு சொற்களை நினைத்தால் வருகிறது. முந்திரிக்கொத்து தீபாவளிக்கு அம்மா செய்கிற பலகாரம், அதை யாராவது ஒரு ஆளின் பெயராக வைப்பார்களா, அதுவும் அக்காவுக்கு, அதுவும் பெரிய மனுஷராக நடமாடுகிற அத்தான். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டோம் என்று தெரிந்தது. அது போய்ச் சேரவேண்டிய ஆளுக்குச் சேராது என்பதும் தெரிந்ததா? தெரிந்தது. இதில் அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடிந்ததே இல்லை. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார், ஒட்டவில்லை. தெரிந்ததனால்தான் அதைத் திருப்பி ஒட்டிவிட்டான், எழுத்து தாளுக்குள் போகும்படி. அப்போது ஹிஞ்ச் வாங்கக் காசு ஏது, போஸ்டாபீசில் ஸ்டாம்புத் தாளின் ஓரத்துப் பசைப்பட்டையைக் கிழித்துப் போடுவார்கள், அதைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தான். சாயங்காலம் அக்கா வந்து கடிதத்தைப் பிரித்தாள். ஓட்டை வழியாக அவள் புடவையின் மஞ்சள் தெரிந்தது. "ஏல நாயகம், இது என்ன?" அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குவைத்து கவர்மென்ட்டு வெட்டியிருக்கும். கடுதாசியப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்களாம்." எங்கிருந்து வந்தது அது? எமர்ஜென்சியில் பத்திரிகைகளில் கட்டம் கட்டமாக வெள்ளையாக விட்டிருந்த கதையை அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், அதிலிருந்து வந்தது. அப்பாவிடம் காட்டியபோது அவர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராஜா ஆளுத நாடுல்லா, வெட்டத்தான் செய்வான்," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு பையன் செய்தான் என்பதைவிட ஒரு அரசாங்கம் செய்தது என்பதைப் பெரியவர்கள் எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்று அவனுக்கே ஆச்சரியம். நம்பிவிட்டதனால் அடுத்த கடிதத்தை வெட்டாமல் விட முடியவில்லை. வெட்டாமல் வந்தால், போன தடவை மட்டும் ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால்? குவைத்து கவர்மென்ட்டு ஒரு தடவை வெட்டிவிட்டு நிறுத்துமா? ஆகவே மூன்றாவதை வெட்டினான், நாலாவதை வெட்டினான், முப்பத்தெட்டாவதுவரை வெட்டினான். ஆசைக்கு ஒன்று, பயத்துக்கு முப்பத்தாறு. எழுத்தைப் பார்க்கக்கூடாது என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பசை தடவுவான், அதை ஒரு ஒழுக்கம் என்றும் நினைத்துக்கொண்டான்.

"யோசிங்க சார், அவசரமில்ல," என்றாள் கிளாடிஸ், மின்விசிறிக்கு எதிரே பறக்கப் பார்த்த ஒரு ஸ்டாம்பை உள்ளங்கையால் அமுக்கியபடி. அவர் தலையை ஆட்டினார். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தார். ஓட்டையோடு போயிருந்தால் ஒரு பையனின் திருட்டு, எந்த வீட்டில் இல்லை, சிரித்துக்கொண்டே ஒருநாள் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவிடம் இன்னொன்றும் சொன்னார்: "நீ எழுதுததையும் வாசிப்பான். பாத்து எழுதும்மா. மாப்பிள்ளை வேலைக்கு ஒண்ணு ஆயிரப்படாது." அக்கா பயந்துவிட்டாள். பயந்தவள் யாரிடம் போவாள், தினம் பேப்பர் வாசிக்கிற தம்பியிடம்தான். கடிதத்தை எழுதி, ஒட்டுவதற்கு முன்னால் அவன் கையில் கொடுத்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "இதுல தப்பா ஒண்ணும் இல்லைல்லா, பாருல," என்பாள். அவன் பார்த்தான். பன்னிரண்டு வயது ஆபீசர். ஒரு கடிதத்தில், உங்களை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்தபோதும் அதே சூடு காதில். "இதை அடிச்சிரு," என்றான், "ஏன் தூங்கலைன்னு விசாரிப்பாங்க." அவள் உடனே அடித்தாள், பேனாவை அழுத்தி அழுத்தி, வரி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. அப்புறம் அந்த மாதிரி வரியே அவள் எழுதவில்லை. நலம், நலமறிய ஆவல். மழை பெய்தது. அப்பாவுக்குச் சளி. பணம் வந்தது. இப்படிக்கு. அவன் அதை ஓடிப்போய்ப் பெட்டியில் போடுவான், தப்பில்லாத கடிதம். தூங்காத இரவுகளையும் சேர்த்தே அவன்தான் அடிக்கச் சொன்னான் என்பதை அவள் மறந்திருக்கலாம். அவருக்கு மறக்கவில்லை. மின்வாரியத்தில் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் குறிப்பெழுதிக் கொண்டுவந்து நீட்டும்போது சில சமயம், சிவப்புப் பேனாவை எடுத்த கை அப்படியே நின்றுவிடும், ஏன் நிற்கிறது என்று அவர்களுக்குப் புரியாது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தால் அக்காவேதான். நினைத்த நேரத்தில் கூப்பிடுகிற ஜாதி அவள், அறுபத்தொன்பது வயது, மடிப்பாக்கத்தில் இருக்கிறாள். "ஏல, எங்க இருக்க? வெளியவா? அவுகளுக்கு முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் தீந்துட்டு. எந்தத் தைலம்னு எனக்குப் பேரு தெரியல. நீ அவுகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு வாங்கிட்டு வா." "அத்தான் வீட்டுலதான இருக்காக?" "உள்ள ரூம்ல டிவி பாக்காக." பின்னால் கிரிக்கெட் வர்ணனை கேட்டது, அவள் நிற்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும், அந்தக் கதவும் திறந்துதான் இருக்கும். "சரிக்கா," என்றார். போனை வைத்த பிறகும் முகம் கொதித்தது. அத்தான் பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அதற்கப்புறமும் முப்பது வருஷம் ஆகிவிட்டது. சண்டை கிடையாது. மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அவர் வந்து சாப்பிடுவார், மாத்திரை தட்டில் இருக்கும். ஒரே மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுவான். சொந்தத்தில் எல்லாரும் அவர்கள் சுபாவமே அப்படி என்று முடித்துவிட்டார்கள், அதிகம் பேசாத ஜோடி. சுபாவமா? தையல் வகுப்பிலிருந்து தெரு முனை திரும்புகிறபோதே பேச ஆரம்பித்துவிடுகிற அக்காவுக்கா அந்தச் சுபாவம்? பிரம்மநாயகத்தின் கல்யாணத்தில், மணமேடைக்குப் பக்கத்தில் பெண்கள் கூடி யார் வீட்டுக்காரர் எப்படிக் கடிதம் எழுதுவார் என்று கேலி பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா சொன்னாள்: "எங்க வீட்டுக்காரவுக கடுதாசி கோர்ட்டு சம்மன்தான். 'சண்முகவடிவுக்கு'ன்னு ஆரம்பிச்சு 'ஆவுடையப்பன்'னு முடியும்." எல்லாரும் சிரித்தார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளையும் சிரித்தார். அவருக்குத் தெரியும், மூன்றாவது வருஷக் கடைசியில் கம்பெனி மாறியதும் அத்தான் ஏர் லெட்டரை விட்டுக் கவருக்கு வந்துவிட்டார். கவரில் ஸ்டாம்பு வெளியே இருக்கும், உரித்துக்கொள்ளலாம், கடிதத்துக்கு ஓட்டை கிடையாது. ஆகவே அக்கா கண்ணால் பார்த்த ஆரம்பமெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவைதான். முந்திரிக்கொத்து என்று ஒருத்தி இருந்தது அவளுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மாலை போட்டுக்கொண்டு சிரித்தான்.

"ஒண்ணு போட்டுக் காட்டுறேன் சார், அப்பத் தெரியும்," என்று கிளாடிஸ் பையிலிருந்த ஆல்பத்துக்குக் கை நீட்டினாள், வேண்டாம் என்று சொல்வதற்குள் அது மேசைக்கு வந்துவிட்டது. எங்கேயாவது நடுவில் திறப்பாள் என்று அவர் நினைத்தார். புத்தகம் தானாகவே அறுபத்தொன்றில் திறந்துகொண்டது, அந்தப் பக்கத்துக் காகிதம் தடித்துப்போயிருந்ததால். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். "அய்யய்யோ, யாரு சார் இதை வெட்டினது? ஏர் லெட்டர்ல இருந்து வெட்டின துண்டு இதெல்லாம். முழு லெட்டரா இருந்தா அதுக்கு மதிப்பு. வெட்டிட்டா ஸ்டாம்பும் இல்ல, லெட்டரும் இல்ல. இதுக்கெல்லாம் ஆல்பத்துல இடம் வீண் பண்ணாதீங்க." இதுவும் சாதாரணமாகச் சொன்னதுதான், தொழில்காரி வார்த்தை.  ஐம்பது வருஷமாக இந்தப் பாவத்துக்கு ஒரு பொருளாவது கையில் இருக்கிறது என்று உள்ளூர ஒரு எண்ணம் இருந்திருக்கிறது போல, அதுவும் இல்லை என்றாகிவிட்டது. "சின்ன வயசுல..." என்று ஆரம்பித்தார். "எல்லாரும் செய்றதுதான்," என்று அவளே சமாதானம் சொல்லிவிட்டு, காட்டுவதற்கு இதுவே போதும் என்பதுபோல ஒரு துண்டை ட்வீசரால் நெம்பினாள். "வேண்டாம், கிழிஞ்சிரும்," என்றார் அவர். "பசை காஞ்சுபோச்சு சார், தானா வருது பாருங்க." வந்தது. பழைய பசைப்பட்டை சருகாக உதிர்ந்தது. அவள் அதைக் கண்ணாடிப் பட்டைக்குள் செருகி, தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள், அப்படியே தலையைச் சாய்த்து வாசித்தும் விட்டாள்: "என்... மூக்குத்திக்கு. என்ன சார் இது?" யாரோ தெருவில் வைத்துத் துணியை உருவினால் அப்படித்தான் இருக்கும். "என் அக்காவுக்கு அத்தான் எழுதினது," என்றார். அந்தக் கடைக்காரியிடம் அதற்கு மேல் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சொன்னார். "அவ வாசிக்கல. நான் வெட்டிட்டேன்."  கிளாடிஸ் ட்வீசரை அவர் பக்கமாக வைத்துவிட்டு, உள்ளே அலமாரியில் ஏதோ தேடுகிறவளாக எழுந்து போனாள்.

அவர் தானே எடுத்தார், ஒவ்வொன்றாக. பன்னிரண்டு வயதில் ஒட்டியவன் ஒழுங்கானவன், வந்த வரிசையில்தான் ஒட்டியிருந்தான். துண்டுக்குக் கீழே பென்சிலால் தேதிகூட இருந்தது. முதல் கப்பல், என் முந்திரிக்கொத்துக்கு. இரண்டாவது, என் வடிவுக்குட்டிக்கு. மூன்றாவது மூக்குத்தி. தூங்குமூஞ்சிக்கு என்று ஒன்று. கருப்பட்டிக்கு என்று ஒன்று, அதற்குக் கீழே அடுத்த வரியின் ஆரம்பமாக 'சிரிக்காதே' என்பது மட்டும் வெட்டுப்பட்டு நின்றது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது, அடுத்தவர் படுக்கையறையில் விளக்கைப் போட்டுவிட்ட வெட்கம். குவைத்தில் நாற்பது பேர் தங்கியிருந்த கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மாதத்துக்கு ஒரு பெயர் யோசித்திருக்கிறார் அத்தான். பத்தாவது துண்டுக்கு அப்புறம் ஏதோ மாறியது. என் அன்பு வடிவுக்கு. அதையே அடுத்து இரண்டு தடவை. அன்புள்ள வடிவுக்கு. 'என்' போய்விட்டிருந்தது. பதினாறாவதில் மறுபடி ஒரு முயற்சி, கோபமா முந்திரிக்கொத்து என்று, கேள்விக்குறிகூடப் போட்டிருந்தார். அதற்கு அக்கா என்ன பதில் எழுதியிருப்பாள்? எதற்கும் எழுதிய பதிலைத்தான், நலம், மழை பெய்தது, அப்பாவுக்குச் சளி. கேள்வி அவளுக்குப் போய்ச் சேரவே இல்லையே. அதற்குப் பிறகு அன்புள்ள மனைவிக்கு. அன்புள்ள மனைவிக்கு. அன்புள்ள என்பதும் 'அ' என்று சுருங்கி ஒரு புள்ளியோடு நின்றது. முப்பத்தோராவது கப்பலிலிருந்து சண்முகவடிவுக்கு. கடைசிவரைக்கும் சண்முகவடிவுக்கு. வரிசையாகக் கண்ணாடிப் பட்டைக்குள் செருகிவைத்துத் திருப்பிப் பார்த்தபோது, அது ஸ்டாம்பு ஆல்பமாக இல்லை. ஒரு மனிதர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது அதில் தெரிந்தது. உள்ளே இருந்தவளுக்குத் தட்டிய சத்தம் கேட்கவில்லை, நடுவில் இவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கப்பலுக்காகக்கூட இல்லை. மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. இவ்வளவு அற்பமான காரணத்துக்காக ஒருவன் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. கறுப்பு ஆல்பம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, எடுத்து அதில் செருகினால் கப்பல்கள் மட்டும்தான் தெரியும். அத்தானுக்கு எழுபத்தாறு, அக்காவுக்கு அறுபத்தொன்பது, இன்னும் சில வருஷம் பேசாமல் இருந்துவிட்டால் கேட்க ஆளே இருக்காது. இதையும் அவர் நினைத்தார். நினைத்ததை மறைக்கவேண்டியதில்லை, நினைத்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "கண்ணாடியே குடுங்கம்மா," என்றார். ஆல்பத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், அவளே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வழி உடனே தோன்றியது, அது இன்னொரு காரணம், இன்னொரு ஒளிவு. படி இறங்குவதற்குள் தைரியம் போய்விடும் என்று தெரிந்ததால் அங்கேயே போனை எடுத்தார்.

"தைலம் கேட்டியால?"

"இல்லக்கா. அக்கா, அத்தான் குவைத்துல இருந்து போட்ட நீலக் கடுதாசியில ஓட்டை இருக்கும்லா."

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"அது நான் வெட்டுனது. கப்பல் படத்துக்காக."

வர்ணனைச் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அவுட். கிளாடிஸ் அலமாரியைத் திறந்தவள் மூடாமல் நின்றாள்.

"குவைத்து கவர்மென்ட்டுன்னு சொன்ன."

"ஆமா."

"அப்பாவும் சொன்னாகளே."

"அப்பாகிட்டயும் நான் சொன்னதுதான்."

"அத்தனையுமா?"

"முப்பத்தேழு."

"நான் எழுதுனதை உங்கிட்டதானல காட்டுனேன்," என்றாள் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அடின்னு சொன்ன. அடிச்சேன்."

"ஆமாக்கா." மன்னிப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது, இவ்வளவு சின்னச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உள்ளேயே நின்றுவிட்டது.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"உன் பேரு. அத்தான் உன்னைக் கூப்பிட்ட பேரு எல்லாம்."

"வாசி."

"அக்கா, கடையில நிக்கேன்."

"வாசிலே."

அவர் வாசித்தார். மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வேற்றுப் பெண்ணுக்கு முன்னால், சொந்த அக்காவிடம், அவளுடைய புருஷன் அவளைக் கொஞ்சிய வார்த்தைகளை வரிசையாக வாசித்தார். என் முந்திரிக்கொத்துக்கு. என் வடிவுக்குட்டிக்கு. என் மூக்குத்திக்கு. தூங்குமூஞ்சிக்கு. கருப்பட்டிக்கு. கழுத்து வியர்த்து வழிந்தது. கோபமா முந்திரிக்கொத்து என்பதை வாசிக்கும்போது அந்தப் பக்கம் மூச்சு ஒரு தடவை இழுபட்டது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தார். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அன்புள்ள மனைவிக்கு வந்தது, வெறும் சண்முகவடிவு வந்தாள், அதையும் விடாமல் வாசித்தார், ஏழு தடவையும். முடிந்தது என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நான் நலம் நலமறிய ஆவல்னே எழுதிட்டிருந்தேன்," என்றாள் அக்கா. அவரிடம் சொன்ன மாதிரி இல்லை. "கோபமான்னு கேட்டிருக்காக. நான் மழை பெஞ்சுதுன்னு எழுதியிருக்கேன்."

"அக்கா, நான் இப்பவே அங்க வாரேன்."

"நீ வராத. இன்னைக்கு என் கண்ணுல படாத."

"சரிக்கா."

"டிவி பாட்டுக்கு ஓடுது. நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டாக," என்றாள். குரல் போனை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. "எழுப்பணும். போனை வையி."